பிள்ளைக்கு இனிப்புக் கொடுத்தது யார்

என் மகளுக்கு வலிப்பு வந்தால் லேசில் நிற்காது. சேலத்தில் ஓர் ஆசுபத்திரியில் ஊசி மேல் ஊசி போட்டும் அடங்காமல், மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்கு மெஷின் வைத்துத்தான் நிறுத்தினார்கள். இனி மாத்திரையை மட்டும் நம்ப முடியாது, சாப்பாட்டையே மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். சோறு, களி, பழம், வெல்லம் எதுவும் ஆகாது. முட்டையும் வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் அளந்து கொடுக்க வேண்டும். இனிப்பு உள்ளே போனால் வலிப்பு திரும்பிவிடுமாம். சிறுநீரில் நனைத்துப் பார்க்க ஒரு பட்டை கொடுத்தார்கள். ஊதாவானால் சரி. வெளுத்திருந்தால் பிள்ளை எதையோ தின்றிருக்கிறது.

மலைமேல் எங்கள் ஊரான தலைச்சோலைக்குத் திரும்பி வந்தபின் பட்டை ஊதாவாகத்தான் இருந்தது. வலிப்பும் விட்டிருந்தது.

பச்சைப் பிள்ளையைப் பட்டினி போடுகிற வைத்தியம் எங்கே உண்டு, நம்மை வைத்துப் பழகிப் பார்க்கிறார்கள் என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால் காப்பி பறிப்புத் தொடங்கியதும் பிள்ளையை அவரிடம் விடாமல் எஸ்டேட்டுக்குக் கூட்டிப்போனேன். அப்படியும் சாயங்காலம் பட்டை வெளுத்தது. பிள்ளைக்குத் தூக்கத்தில் கை வெட்டி வெட்டி இழுத்தது.

காலையில் நான் தண்ணிக்குப் போகும்போதுதான் மாமியார் எதையோ கொடுக்கிறார் என்று நினைத்தேன். கேட்க எனக்கு வாய் வராது. வெல்லத்தை ஒளித்தேன். அவர் குளிக்கப் போனபோது கழற்றி வைத்த சேலையின் முந்தி முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். பொரிகடலை இருந்தது. சந்தேகப்பட எனக்கு அது போதும்.

ஒரு மத்தியானம் எஸ்டேட்டில் காப்பிச் செடிக்கடியில் பிள்ளை கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் காப்பிப் பழத் தோலும் கொட்டையும் கிடந்தன. பழத்தின் சதை இனிக்கும்; சின்ன வயதில் நாங்களும் சப்பியதுதான். அதைத் தீனி என்று யாரும் நினைப்பதில்லை.

"நான் திங்கலம்மா. சப்பிட்டுத் துப்பிட்டேன்" என்றாள்.

மாமியாரிடம் சொன்னேன். "என்னையத்தான நெனச்சே?" என்றார்.

அதன்பின் பிள்ளையை அவரிடமே விட வேண்டியதாயிற்று. கை வெட்டுவது நின்றது. என் மனசுதான் நிற்கவில்லை. ஒரு நாள் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பாதியில் வீட்டுக்கு வந்தேன். மாமியார் முட்டை ஊட்டிக்கொண்டிருந்தார்.

"வேவு பாக்க வந்தயா, அம்மணி? இப்பத்தான் நனைச்சேன். ஜன்னல்ல இருக்குது, போய்ப் பாரு."

ஊதாவாகத்தான் இருந்தது. பழைய பட்டையாக இருக்குமோ என்று, அவர் பார்க்காதபோது இன்னொன்றை எடுத்தேன்.