ராக்னி கேட்ட வீடு

ராக்னிக்குப் பனிச்சறுக்கு பிடிக்காது. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். ஏனென்றால் எங்கள் மலையில் இருபத்திரண்டு வருடமாகச் சறுக்குத் தடம் போடுகிறவளே அவள்தான். அந்தச் சிவப்பு வண்டியில் ஏறி, விழுந்து கிடக்கிற பனியையெல்லாம் அமுக்கி, சீவி, இரண்டு சறுக்குக் கட்டையும் பதிய ஜோடிக் கோடு இழுத்துக்கொண்டே போவாள். அதில் ஊர் உலகமெல்லாம் வந்து சறுக்கும். இவளோ வேலை முடிந்ததும் துண்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்துக்குப் போய்விடுவாள். "நாள் முழுக்க வெள்ளையைப் பார்த்துட்டு, மறுபடியும் அதுலயே போய் விழணுமா? ஆளை விடுடி" என்பாள் என்னிடம்.

நானும் அவளும் ஒரே வகுப்பு. என் பெயர் தோர்டிஸ். எங்கள் மலையூரான ஸ்டூல்வாங்கில் வீடு விற்றுக் கொடுக்கிற வேலை எனக்கு. அதனால் இந்த ஊரில் யாருடைய கூரை ஒழுகும், யார் வீட்டு மாமியார் எப்போது காலி செய்வார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வாய் கொஞ்சம் நீளம் என்றும் சொல்வார்கள். சொல்லட்டும்.

ராக்னிக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும். போட்ட தடத்தின் மேல் யாராவது பூட்ஸ் காலோடு நடந்தால் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுவாள். ஒருமுறை ஒரு பெரிய மனிதர் நாயோடு நடந்து வந்திருக்கிறார். "உங்க நாய்க்குப் படிக்கத் தெரியாது, சரி. அங்க எழுதிப் போட்டிருக்கே, உங்களுக்குமா தெரியாது?" என்று கேட்டுவிட்டாள். அவர் ஊராட்சிக்குப் புகார் எழுதினார். ஊராட்சித் தலைவர் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவளை வேலையை விட்டு எடுத்தால் அந்த வண்டியை யார் ஓட்டுவது?

காலை நாலரைக்கு வண்டி கிளம்பவேண்டும். வண்டிக் கொட்டகையை ஒட்டி ஒரு மஞ்சள் வீடு, இரண்டே அறை. அதில்தான் பதினாறு வருடமாக வாடகைக்கு இருந்தாள். எவ்வளவு பெரிய பனிப்புயலாக இருந்தாலும் சுவரைத் தடவிக்கொண்டே நடந்து வண்டிக்குப் போய்விடலாம். வீட்டுச் சொந்தக்காரர் ஹால்டிஸ் போன இலையுதிர் காலத்தில் இறந்துபோனார். சொத்து ஸ்டவாங்கர் நகரத்தில் இருக்கும் அவருடைய அண்ணன் மகனுக்கு வந்தது. அந்தப் பையன் என்னைக் கூப்பிட்டு, விற்றுவிடுங்கள் என்றான்.

"ராக்னிக்கே ஒரு நியாயமான விலைக்குக் குடுத்துடலாமே?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அவங்களும் கேக்கட்டுமே, யாரு வேண்டாம்னா? மத்தவங்களோட சேர்ந்து கேக்கட்டும். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு யாரோட விலை மேல இருக்கோ அவங்களுக்கு முடிச்சிடுங்க" என்றான். அவனைத் திட்டவும் முடியாது. எல்லாரும் செய்வதைத்தான் செய்தான்.

இந்த இடத்தில் என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் தொழிலுக்கு வந்த வருடம் பதினொரு வீடு விற்றேன். அதில் ஒன்பதில் இன்றைக்கும் தினமும் அடுப்பு எரிகிறது. போன வருடம் பதினான்கு விற்றேன். வருடம் முழுக்க ஆள் இருப்பது இரண்டே இரண்டில். மீதியெல்லாம் பிப்ரவரி விடுமுறைக்கும் ஈஸ்டருக்கும் திறந்து மூடுகிற வீடுகள். பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த டீச்சருக்கு இடம் கிடைக்காமல் பெட்ரோல் பங்க் மாடியில் இருக்கிறாள். விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அத்தனையையும் விற்றது நான்தான். அந்தக் கமிஷனில்தான் என் சமையலறையைப் புதுசாக்கினேன். புலம்புவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் புலம்புவேன்.

ராக்னிக்கு வேறு போக்கிடம் இல்லை. வீடு கைவிட்டுப் போனால் நாற்பது கிலோமீட்டர் கீழே, தங்கை வீட்டில்தான் போய் ஒண்டவேண்டும். அங்கிருந்து காலை நாலரைக்கு மலை ஏறிவருவது நடக்கிற காரியமா? வீடு போனால் வேலையும் போனது. பாங்கில் கெஞ்சிக் கூத்தாடி முப்பத்துநான்கு லட்சம் குரோனர் வரை கடன் தருவதாக ஒரு கடிதம் வாங்கிவந்தாள். அதற்கு மேல் ஒரு காசு தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க இருபது பேர் வந்தார்கள். காலுறையோடு உள்ளே போய், அவளுடைய அலமாரியைத் திறந்து மூடினார்கள். ஒருத்தி படுக்கையறைச் சுவரைத் தட்டி, "இதை இடிச்சுட்டா நீராவிக் குளியலுக்கு இடம் வருமா?" என்றாள். ராக்னி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கொட்டகையில் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, நன்றாக இருந்த திருகாணிகளையே திரும்பத் திரும்ப முடுக்கிக்கொண்டிருந்தாள்.

விலை கேட்பதெல்லாம் எங்கள் பக்கம் போனில்தான். கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். ஒருவர் ஏற்றிக் கேட்டால் எல்லாருக்கும் குறுஞ்செய்தி போகும். பெயர் மட்டும் வெளியே வரக்கூடாது. நான் வாயைத் திறந்தால் என் உரிமம் போய்விடும். கேட்ட விலையை யாரும் திரும்ப வாங்கவும் முடியாது. முதல் நம்பர் டிராமன் ஊர்த் தம்பதி. இரண்டாம் நம்பர் ஐலெர்ட், ஆஸ்லோவில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாம் நம்பர் ராக்னி.

திங்கட்கிழமை விடிந்தபோது முழங்கால் அளவு புதுப் பனி. வானம் பளிச்சென்று இருந்தது. அப்படி ஒரு காலையில் எங்கள் ஊருக்கு வருகிற யாருக்கும் புத்தி வேலை செய்யாது. ஒன்பது மணிக்கு விலை ஏற ஆரம்பித்தது. முப்பத்திரண்டு லட்சத்தில் டிராமன்காரர்கள் கழன்றுகொண்டார்கள். பத்து இருபதுக்கு ஐலெர்டின் போன்.

"முப்பத்துமூணு போடுங்கம்மா" என்றார், மூச்சு வாங்க. "அப்புறம் இன்னொரு விஷயம். நான் மலை மேல மாட்டிக்கிட்டேன்."

"விலை கேக்கிற அன்னைக்கு மலைக்கா போனீங்க?"

"பனியைப் பார்த்தீங்கல்ல? எப்படிம்மா போகாம இருக்கிறது? ஏரியைத் தாண்டி வந்துட்டேன், இங்க தடமே போடலை. சறுக்குக் கட்டையில பூட்ஸைப் பிடிக்கிற கொக்கி உடைஞ்சிடுச்சு. இடுப்பு வரைக்கும் புதையுது."

ஏரிக்கரைக்கு இறங்கி நிற்கச் சொன்னேன். கரையில் சிக்னல் கிடையாது, ஆனால் வண்டி அங்கேதான் வரமுடியும். பிறகு முப்பத்துமூன்று என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன். அடுத்த நிமிடமே ராக்னி கூப்பிட்டாள்.

"முப்பத்துநாலு. போடு. இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல தோர்டிஸ். யாருடி அந்த ரெண்டாம் நம்பர்? ஆஸ்லோ பணமூட்டை எவனோதானே?"

"சொல்லமாட்டேன்னு தெரியும்ல."

"தெரியும். சும்மா கேட்டேன்."

மலையில் மாட்டியவரைத் தூக்கிவர வேறு வண்டி இல்லை, வேறு ஆளும் இல்லை. "ராக்னி, ஏரிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் மாட்டிக்கிட்டு நிக்கிறார். போய்க் கூட்டிட்டு வா" என்றேன்.

"இன்னைக்கா? எந்த மடையன் அவன்?"

"வயசானவர்டி. குளிர்ல நிக்கிறார்."

திட்டிக்கொண்டே கிளம்பினாள். நான் முப்பத்துநான்கு என்று செய்தி அனுப்பினேன். அப்போது இரண்டு பேருமே சிக்னல் இல்லாத இடத்தில் இருந்திருக்கிறார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாலு கப் காபி குடித்தேன். கடிகாரத்தைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தேன். எங்கள் தொழிலில் இப்படி ஒரு கூத்து நடந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

இதற்குப் பிறகு நடந்தது ராக்னியும் ஐலெர்டும் தனித்தனியாக எனக்குச் சொன்னது. இரண்டு பேர் சொன்னதும் ஒத்துத்தான் போகிறது. தடத்தைப் பற்றி யார் முதலில் குரலை உயர்த்தினார்கள் என்பதில் மட்டும் இன்றைக்கும் தகராறு.

பதினொன்றே காலுக்கு அவரை ஏற்றிக்கொண்டாள். அவர் பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்துப் பாதி கொடுத்தார். இவள் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். ஏரிக்கு அப்பால் தடம் போடாததற்கு அவர் குறைபட்டுக்கொண்டார். "முழங்கால் பனி சார். எனக்கு ரெண்டு கைதான் இருக்கு" என்றாள். பன்னிரண்டுக்குள் தனக்கு ஒரு முக்கியமான வேலை இருப்பதாக அவர் சொன்னார். தனக்கும்தான் என்றாள் இவள்.

ஏறும்போது குறுக்கு வழியில் போனவள், போன் பார்ப்பதற்காக இப்போது சுற்றிவந்து பாறை வளைவில் வண்டியை நிறுத்தினாள். வழியில் சிக்னல் வருவது அந்த ஓர் இடத்தில்தான். மணி பதினொன்று நாற்பது. இரண்டு போனும் ஒரே நேரத்தில் கத்தின.

ஐலெர்ட் படித்துவிட்டு, "சே! முப்பத்துநாலாமே! இந்த மூணாம் நம்பர் விடவே மாட்டேங்கிறானே. எவனோ கொழுத்த பணக்காரன் போல" என்றார்.

ராக்னி தன் போனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அப்புறம் முன்னால் இருந்த சரிவைப் பார்த்தாளாம். இறங்கிவிட்டால் கீழே காட்டுக்குள் முக்கால் மணிநேரம் யாருடைய போனிலும் ஒன்றும் வராது. ஒரு வார்த்தை பேசாமல் கியரைத் தள்ளியிருந்தால் போதும், வீடு அவளுடையது. அவருக்கு என்ன தெரியும், எங்கே சிக்னல் வரும், எங்கே வராது என்று? "கை கியர் மேலதான் இருந்தது தோர்டிஸ். பொய் சொல்லமாட்டேன், நல்லா அழுத்திப் பிடிச்சிருந்தேன்" என்றாள் என்னிடம்.

எஞ்சினை அணைத்தாள்.

"சிக்னல் இங்க மட்டும்தான் சார். கீழ இறங்கினா பன்னிரண்டரைக்குத்தான் வரும். ஏத்திக் கேக்கணும்னா இப்பவே கேட்டுடுங்க" என்றாள். "அந்த மூணாம் நம்பர் நான்தான்."

அவருக்குக் கையில் இருந்த காபி கொட்டிவிட்டது. "நீங்களா? கொட்டகை பக்கத்துல இருக்கிற மஞ்சள் வீட்டுக்கா?"

"அதுலதான் குடியிருக்கேன்."

கொஞ்ச நேரம் அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரிடம் பணம் இருந்தது, எனக்குத் தெரியும். நாற்பது வரைக்கும் போவேன் என்று என்னிடமே சொல்லியிருந்தார்.

"வீடு எப்படி?" என்று கேட்டார்.

இவளுக்கு அப்போதாவது பொய் வந்திருக்கலாம். கூரை போச்சு, குழாய் உறைந்துபோகும் என்று அளந்துவிட்டிருக்கலாம். "நல்ல வீடு சார். நவம்பர்ல வெயில் மலைக்குப் பின்னால போயிடும். பிப்ரவரி ரெண்டாந்தேதி திரும்பி வரும், நேரா சமையலறை மேஜை மேல விழும். கதவைத் திறந்தா தடம். காலைல நாலரைக்கு வண்டிச் சத்தம் கேக்கும், அது ஒண்ணுதான் குறை" என்றாள்.

"என்னம்மா, எனக்கே வித்துடுவீங்க போலிருக்கே! பயமுறுத்தி ஓட்ட வேண்டாமா?"

"கேட்டீங்க. சொன்னேன்."

"நான் வாங்கிட்டா நீங்க எங்க போவீங்க?"

"கீழ தங்கச்சி வீட்டுக்கு. நாப்பது கிலோமீட்டர்."

"அப்போ காலைல தடம்?"

"வேற யாரையாவது போடுவாங்க."

"அவங்க எங்க தங்குவாங்க?"

ஊரில் அப்படி ஒரு இடம் எது என்று ராக்னி நிஜமாகவே யோசித்துப் பார்த்திருக்கிறாள், ஒன்றும் தட்டுப்படவில்லை. அவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு போனை உள் பையில் போட்டு ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்து மூடினார். மீதி ஆரஞ்சை எடுத்துச் சுளை சுளையாகத் தின்ன ஆரம்பித்தார்.

பன்னிரண்டு அடித்ததும் நான் ஸ்டவாங்கர் பையனைக் கூப்பிட்டேன், அவன் சரி என்றான். 'விற்பனை முடிந்தது. மூன்றாம் நம்பர், முப்பத்துநான்கு' என்று தட்டி அனுப்பினேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகத் தட்டினேன். மேசையில் தலையை வைத்து அப்பாடா என்று அழுதேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வீட்டையும் விற்றதில்லை.

அதுவரை வளைவிலேயே நின்றிருந்த வண்டிக்குள் மறுபடியும் இரண்டு போனும் சேர்ந்து கத்தின. ராக்னி படித்தாள். ஸ்டீரிங்கின் மேல் கவிழ்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதிருக்கிறாள். டாக்டர் பொறுமையாகக் கைக்குட்டையை எடுத்து நீட்டினார், விரலில் ஒட்டியிருந்த ஆரஞ்சுச் சாற்றைத் துடைத்துக்கொண்டார், மணியைப் பார்த்தார்.

"அதான் வீடு கிடைச்சாச்சு இல்ல?" என்றார். "வண்டியைத் திருப்புங்க. ஏரிக்கு அந்தப் பக்கம் தடம் எங்கம்மா?"