சத்தமாகச் சொன்ன எடை

1. சமமான தரை

வேலையில் சேர்ந்த முதல் நாள் நான் செய்த முதல் காரியம், தரையைத் தடவிப் பார்த்தது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உடல் பருமன் வராமல், இதயம் கெடாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு டிரஸ்ட்டில் ஃபீல்டு ஒர்க்கராகச் சேர்ந்திருந்தேன். செகந்திராபாத்தில் ஒரு பள்ளி. எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்கு உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர் பார்க்க வேண்டும். தரை கொஞ்சம் சரிந்திருந்தாலும் எடை மெஷின் தப்பாகக் காட்டும். பிரேயர் ஹாலில் தரைக்கல் எல்லாம் எழும்பியும் அமுங்கியும் கிடந்தது. தேடித் தேடிப் பார்த்ததில் ஸ்டேஜ் மட்டும்தான் சமமாக இருந்தது. மெஷினை ஸ்டேஜ் மேல் வைத்தோம். வகுப்பு மொத்தமும் கீழே வரிசையில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒருவர் அளந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். எழுதுபவர் அதையே திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். தப்பு வராமல் இருக்க இது நல்ல முறைதான். டிரெய்னிங்கில் இதைச் சொன்னபோது எனக்குப் புதிதாகவே இல்லை. அப்பா போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அங்கேயும் காட்டாவில், அதாவது பெரிய தராசில், மூட்டையை ஏற்றினால் எடை போடுகிறவர் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார், கமிஷன் கடைக்காரர் திருப்பிச் சொல்வார். எனக்கு வேலை கிடைத்த அன்று அப்பா கேட்டார்:

"மூட்டைய எடை போடுறாங்க, செரி. புள்ளைங்கள எடை போடுறதுக்கா உன்ன காலேஜு வரைக்கும் படிக்க வெச்சேன்?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியவன் நான்தான். அதனால் எந்த வேலையானாலும் ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று ஒரு வெறி.

அன்று அளந்து சொல்வதற்கு பி.டி. மாஸ்டர் நர்சிங் சார் தானாகவே வந்தார். வாட்டசாட்டமான தெலுங்குக்காரர். மைதானத்து இந்தக் கோடியில் விசில் ஊதாமலே அந்தக் கோடியில் இருக்கிற பையனை நிறுத்துவார், அப்படிக் குரல். எழுதுவது நான். எங்கள் கோஆர்டினேட்டர் சுனிதா மேடம் பிரஷர் மெஷினோடு உட்கார்ந்திருந்தார்.

ஒன்பதாவதில் ஷாரன் என்று ஒரு பெண். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். பள்ளியின் ஷாட்புட் சாம்பியன். அவள் மெஷினில் ஏறினதும் நர்சிங் சார் முகம் மலர்ந்துவிட்டது.

"எயிட்டி டூ! சபாஷ்! இப்படி இருந்தாதான் த்ரோ போவும். பாருங்கடா, ஊதினா பறக்கிற பசங்களா, இதப் பாருங்க!"

அவர் பெருமையாகத்தான் சொன்னார். இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஷாட்புட் எறிகிற பிள்ளைக்கு எடை ஒரு சொத்து. முறைப்படி நானும் திருப்பிச் சொன்னேன்: "எயிட்டி டூ." ஹால் சிரித்தது. ஷாரனும் சிரித்தாள். இடுப்பில் கை வைத்து, சினிமா ஹீரோ மாதிரி ஒரு போஸ் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினாள். ஜாலியான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஸ்டெப் டெஸ்ட். மரப்பெட்டியில் கொஞ்ச நேரம் ஏறி இறங்கச் சொல்லி, உடனே நாடி பார்ப்போம். துடிப்பு எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்கு வருகிறதோ, இதயம் அவ்வளவு பலமாக இருக்கிறது என்று கணக்கு. ஒல்லிப் பையன்கள் பலர் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஷாரனுக்குச் சீக்கிரமே இறங்கிவிட்டது. பிரஷரும் நார்மல். ஆனால் எங்கள் அட்டவணையில் அவள் எடையை வைத்துச் சிவப்புக் கட்டத்தில், அதாவது பருமன் பட்டியலில், விழுந்தாள்.

மத்தியானத்துக்குள் பையன்கள் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பயாசி. இந்தியில் எண்பத்திரண்டு. "ஏ பயாசி, ஜரா ஹட்", கொஞ்சம் நகரு, என்று காரிடாரில் ஒருவன் கத்த, அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

2. நல்ல வேலை

நாங்கள் செய்தது கெட்ட வேலை இல்லை. கேன்டீனில் சமோசாவையும் பாட்டில் டிரிங்க்ஸையும் எடுத்துவிட்டு குக்குள்ளு, அதாவது சுண்டல், மோர் வைக்கச் செய்தோம். கணக்கு டீச்சர் பிடுங்கிக்கொண்ட பி.டி. பீரியடை சுனிதா மேடம் பிரின்சிபாலிடம் நடையாய் நடந்து திரும்ப வாங்கினார். சிப்ஸ் பாக்கெட்டுக்குப் பின்னால் எழுதியிருக்கிற உப்பு, எண்ணெய்க் கணக்கைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தோம். படிக்கட்டில் ஏறினாலே மூச்சு வாங்கிய ஒரு பையன் அந்த வருஷம் கபடி டீமில் சேர்ந்தான். அதெல்லாம் நிஜம். அதைப் பார்த்துத்தான் நான் இந்த வேலையை விடாமல் இருக்கிறேன்.

லஞ்ச் நேரத்தில் டிபன் பார்க்கப் போவேன். ஷாரன் டிபன் வாசனை நாலு பெஞ்சு தாண்டி வரும். அவள் அம்மா மெர்சி அக்கா எலுமிச்சை சாதத்துக்கு முட்டை வறுவல் வைப்பார். தசரா லீவுக்குப் பிறகு அந்த டப்பா மற்ற பிள்ளைகள் நடுவில் இருக்கும். ஷாரன் கையில் ஒரு கீரா, அதாவது வெள்ளரித் துண்டு இருக்கும்.

"நீ சாப்பிடலியாம்மா?"

"ஹோ கயா அண்ணா. ஃபுல்." ஆச்சு, வயிறு நிறைஞ்சிடுச்சு என்று அர்த்தம். நான் தமிழில் கேட்டால் அவள் இந்தியில்தான் பதில் சொல்வாள்.

பகிர்ந்து சாப்பிடுகிற பிள்ளை என்று மேடத்திடம் சொன்னேன். மேடமும் சந்தோஷப்பட்டார்.

3. கைதட்டல்

வருஷக் கடைசியில் இரண்டாவது முறை அளந்தோம். அதே ஹால், அதே ஸ்டேஜ். ஷாரன் எடை அப்படி இறங்கியிருந்தது. நர்சிங் சார் அன்று சொல்லும்போது குரலில் பழைய சத்தம் இல்லை. இன்னொரு தடவை மெஷினைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது பார்த்த நாடியும் மிகக் குறைவாக இருந்தது. மேடம் என்னிடம் காட்டினார். "பாத்தியா, அத்லெட் பல்ஸ். நம்ம புரோகிராமுக்கு இதைவிட என்ன புரூஃப் வேணும்?"

எங்கள் தொழிலில் அப்படித்தான் படிப்போம். நன்றாக ஓடி ஆடுகிற உடம்புக்கு நாடி மெதுவாக அடிக்கும். மெதுவான நாடி என்றால் பலமான இதயம். மெதுவாக அடிக்க வேறு காரணமும் இருக்கலாம் என்று அந்த டேபிளில் இருந்த யாருக்கும் தோன்றவில்லை.

ஆனுவல் டேயில் ஷாரனுக்கு 'ஹெல்த் ஸ்டார்' பரிசு. ஒரு ஷீல்டு, ஒரு ஸ்கிப்பிங் கயிறு. மேடம் மைக்கில் அவள் எவ்வளவு எடை குறைத்தாள் என்று சொன்னார். ஹால் எழுந்து கைதட்டியது. பயாசி என்று கூப்பிட்ட பையன்கள்தான் அதிகம் தட்டினார்கள். இந்தத் தடவை ஷாரன் போஸ் எதுவும் கொடுக்கவில்லை. ஷீல்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

4. கோடு தாண்டாத குண்டு

அடுத்த வருஷம் ஸ்கூல் திறந்து, ஜோனல் ஸ்போர்ட்ஸ் மீட் வந்தது. திருமுல்கேரி பக்கம் ஒரு மைதானம். தண்ணீர் கேன் தூக்கவும் முதலுதவிப் பெட்டி பார்த்துக்கொள்ளவும் நர்சிங் சார் என்னையும் கூட்டிப்போனார். மழை விட்டுப் புழுங்கிக்கொண்டிருந்த நாள். ஷாரன் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

வட்டத்துக்குள் நின்று, குண்டைக் கழுத்தில் வைத்துத் திரும்பி எறிந்தாள். போன வருஷம் எட்டாவது பிள்ளைகள் போட்ட தூரத்துக்குக்கூடப் போகவில்லை. இரண்டாவது முறை இன்னும் கிட்டே விழுந்தது. மூன்றாவதுக்குக் குண்டை எடுக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நர்சிங் சார் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பாபு, இங்க வா. நீதானே நாடி பாக்கறவன், கதா? பாரு."

பார்த்தேன். பெரிய இடைவெளி விட்டு விட்டு அடித்தது. கை ஜில்லென்று இருந்தது.

"கம்மியாத்தான் சார் இருக்கு. அத்லெட்டுக்கு அப்படித்தான்…"

"அத்லெட்டா?" என்றார். "அப்ப ஏன்ரா எழுந்து நிக்க மாட்டேங்குது?"

மறுபடி நாடி பார்க்க நான் ஸ்வெட்டர் கையை மேலே தள்ளினபோது, குண்டு எறிகிற கை எலும்பாக இருந்தது.

5. மெட்டுகுடா

ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மெர்சி அக்காவிடம் பேசினார். அக்கா அதை என்னிடம் சொன்னது இப்படி: "எரிக்கறதுக்கு உடம்புல ஒண்ணும் இல்லியாம் தம்பி. அதனால ஹார்ட் வேகத்த கொறச்சி மிச்சம் புடிக்குதாம். எம் பொண்ணு மாசக்கணக்கா பட்டினி கெடந்திருக்கா."

சில நாள் கழித்து மேடமும் நானும் குவார்ட்டர்ஸுக்குப் போனோம். மெர்சி அக்கா டீ போட்டுக் கொடுத்தார். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தோம். அவர் திட்டவில்லை.

"நா கேட்டேன் தம்பி. ஏண்டி ராத்திரி சப்பாத்தி நக்கோ, வேணாங்கறேன்னு. ஸ்கூல்ல டயட் குடுத்திருக்காங்க மம்மிங்கறா. படிச்சவங்க, மெஷின் வெச்சு அளக்கறாங்க, அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்னு உட்டுட்டேன். ஷீல்டு வேற குடுத்தீங்க. நானும் சர்ச்சுல எல்லார்ட்டயும் காட்டினேன்."

மேடம் டீயைத் தொடவே இல்லை.

ஷாரன் உள் அறையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கஞ்சி டம்ளர். மேடம் மெதுவாகக் கேட்டார்: "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ஷாரன்?"

அவள் போர்வை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரித்துக்கொண்டே இந்தியும் இங்கிலீஷும் கலந்து சொன்னாள். நான் தமிழில் எழுதுகிறேன்.

"அந்த ஸ்டேஜ்ல முதல் தடவ சிரிச்சாங்க. ரெண்டாவது தடவ கைதட்டினாங்க. மூணாவது தடவ ஏறும்போது வெயிட் கூடியிருந்தா என்ன பண்ணுவாங்கன்னு பயமா இருந்துச்சு."

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு மார்க்கெட் காட்டா ஞாபகமாகவே இருந்தது. அங்கே எவ்வளவு கத்தினாலும் பரவாயில்லை. மூட்டைக்குக் காது இல்லை.

6. இப்போது

சுனிதா மேடம் அந்த வாரமே எங்கள் முறையை மாற்றினார். இப்போது தனி அறையில், திரைக்குப் பின்னால் அளக்கிறோம். பிள்ளை மெஷினுக்கு முதுகு காட்டி ஏறும். எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அளந்தவரே எழுதுகிறார். இரண்டு முறை அளப்பதால் தப்பும் வருவதில்லை. எடை குறைந்ததற்குப் பரிசு கிடையாது. வேகமாகக் குறைந்தால் வீட்டோடு பேசுகிறோம், டாக்டரிடம் அனுப்புகிறோம். மெதுவான நாடியைக் கண்டால் முதலில் கேட்கிற கேள்வி, "காலைல என்ன சாப்பிட்ட?"

நர்சிங் சார் அதன்பிறகு எடை பார்க்கும் நாளில் உள்ளே வருவதே இல்லை. பிள்ளைகளை வரிசையாக அனுப்பிவிட்டு, மைதானத்தில் ஷாட்புட் வட்டத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பார். ஒருமுறை மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நா அதை சந்தோஷத்துல சொன்னேன் பாபு" என்றார். "தெரியும் சார்" என்றேன். அவருக்கு அது போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

ஷாரன் வேறு பள்ளிக்கு மாறிவிட்டாள். போன மாதம் மெட்டுகுடா பஸ் ஸ்டாப்பில் அவளையும் மெர்சி அக்காவையும் பார்த்தேன். இப்போது இன்டர், அதாவது பிளஸ் டூ மாதிரி, படிக்கிறாள். ஹார்ட் சரியாகிவிட்டது என்று அக்கா சொன்னார். "சாப்பாடுதான் தம்பி, ஒவ்வொரு வேளையும் சண்ட. ஒரு நாள் சாப்பிடுவா, ஒரு நாள் தட்டப் பாத்து அழுவா."

"ஷாட்புட் போடுறியாம்மா?" என்று கேட்டேன்.

"நக்கோ அண்ணா." அப்புறம், எனக்காகத்தானோ என்னவோ, தமிழிலேயே கேட்டாள்: "இப்பவும் அந்த ஸ்கூல்ல வெயிட் பாக்கறீங்களா?"

"பாக்கறோம். ஆனா யாரும் சத்தமா சொல்றதில்ல."

"நல்லது" என்றாள். பஸ் வந்துவிட்டது. ஏறும்போது திரும்பி, "எனக்கு இன்னும் கேக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மெஷின் வைக்க சமமான தரையைத் தேடுங்கள், அது முக்கியம். ஆனால் அந்தத் தரையை எத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று நிமிர்ந்து ஒரு தடவை பாருங்கள். எடை குறைந்த பிள்ளை முன்னால் வந்து நின்றால் கைதட்டிவிடாதீர்கள். முதலில் அதன் கையைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கிறதா என்று.