வாக்கெடுப்புக்கு முன் வந்த வாழ்த்து

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு பிள்ளை பரீட்சையில் சித்தியடைந்தாலும் அதன் படம் போட்ட சுவரொட்டி கடைக் கண்ணாடியில் ஏறிவிடும். ஆகவே என் மனைவியின் தங்கை பல்கலைக்கழகத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுகிறாள் என்றதும், அவளுடைய அண்ணன் வாக்கெடுப்பு வரை காத்திருக்கவில்லை. தன் மளிகைக் கடை வாசலில் ஆளுயரத்துக்கு ஒட்டினார்: "முதல் தமிழ்த் தலைவிக்கு எங்கள் வாழ்த்துகள்." தமிழிலும் பிரெஞ்சிலும்.

"மச்சான், இன்னும் வோட்டே போடேல்லை" என்றேன்.

"அவள் வெல்லுவாள். உங்களைப் போலை பேப்பரிலை வேலை செய்த ஆக்களுக்கு எல்லாத்திலையும் சந்தேகம்."

அந்தப் பல்கலைக்கழகத்தில் வெள்ளையரல்லாத பெண் எவரும் அதுவரை தலைவராக இருந்ததில்லை. பாரிஸ் புறநகரான கார்ஜில் வளர்ந்த இவள் இயற்பியல் பேராசிரியை. பரப்புரை முழுவதும் ஆய்வுகூடங்களைப் பற்றியே பேசினாள். தன் நிறத்தையோ பிறப்பையோ ஓரிடத்திலும் குறிப்பிடவில்லை. தன் இனத்துக்கான வேட்பாளர் என்ற பெயர் விழுந்தால் பிரான்சில் தோல்வி நிச்சயம் என்பது அவளுக்குத் தெரியும்.

சுவரொட்டியை யாரோ படமெடுத்து, தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஆட்சிக் குழுவினருக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை அவள் கடைக்குத் தொலைபேசினாள்.

"ஆரைக் கேட்டு ஒட்டினீங்கள் அண்ணை? உடனை கழட்டுங்கோ."

அவர் போய்க் கண்ணாடியைக் கத்தியால் சுரண்டினார்.

வேட்பாளர்களைக் கேள்வி கேட்கும் அமர்வை இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். கடைக்குள் என் கைப்பேசியைச் சுற்றி நின்று பார்த்தோம். ஒரு பேராசிரியர் அந்தப் படத்தைக் காட்டி, "நீங்கள் யாருக்குத் தலைவர்?" என்று கேட்டார்.

"ஐயோ, என்ரை கடை" என்றார் மச்சான்.

"வாயை மூடும், கேப்பம்" என்றார் கறிவேப்பிலை வாங்க வந்த ஒரு அம்மா.

அவள் தண்ணீர் குடித்துவிட்டு பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னாள்: "அது என் அண்ணனின் கடை. என்னைக் கேட்காமல் ஒட்டினார், கழற்றச் சொன்னேன். அந்தத் தெருவில் பெற்றோர் இப்படித்தான் பெருமைப்படுவார்கள். அவர்களுடைய பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மற்ற மாணவர்களுக்கும் நான் ஒரே தலைவராகத்தான் இருப்பேன்."

முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. இரண்டாம் சுற்றில் அவள் வென்றாள். தொலைபேசியில் அவள் குரல் களைத்திருந்தது.

"ஞாயிறு கொண்டாட ஒரு ஹோல் எடுக்கட்டோ? மாலை, மேளம்..." என்றார் மச்சான்.

"ஒண்டும் வேண்டாம் அண்ணை. திங்கள் எனக்கு எதிரா வோட்டுப் போட்ட ஆக்களோடைதான் முதல் ரெயூனியோன். அந்தக் கூட்டத்துக்கு ஆயத்தப்படுத்தோணும். ஞாயிறு மத்தியானம் சாப்பிட மட்டும் வாறன். சனத்தைக் கூட்டாதேங்கோ."

"ஓம், ஓம். வீட்டாக்கள் மட்டும்தான்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தவர், கடையில் நின்ற எல்லோரையும் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார்.