பாய்ந்து வராத குதிரைகள்

போனில் கம்ப்யூட்டரோடு மாறி மாறி ஆடும் போர் விளையாட்டில் எதிரி தெரிந்தாலே எனக்குப் பொறுக்காது. மொத்தப் படையையும் அனுப்பிவிட்டு, கோட்டையைப் பூட்டினோமா என்று யோசிக்கிற மன்னன் நான்.

தாம்பரம் ரயிலில் பக்கத்தில் இருந்த நரைத்த தலை அக்காவால் தாங்க முடியவில்லை.

“ஏன் சார் ஓடிப்போய்ச் சாகறீங்க? மேட்டுல சும்மா நில்லுங்க. கம்ப்யூட்டருக்குப் பொறுமை கிடையாது, தானா வந்து மாட்டும்.”

நின்றேன். குதிரைப்படை பாய்ந்து வந்து மாட்டியது.

அவரும் அதே விளையாட்டைத்தான் ஆடினார். தன் முறையை ஆடியதும் ஒவ்வொரு தடவையும் போனை மடியில் கவிழ்த்துவைத்து, சற்றுப் பொறுத்தே எடுத்தார்.

“என்னக்கா, என்னை மாதிரியே பயமா?”

“பையனோட ஆரம்பிச்ச ஆட்டம் சார். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். இப்ப அவன் இடத்துல கம்ப்யூட்டர் ஆடுது. அவன் திரும்ப உள்ள வந்தா எனக்குத் தெரிஞ்சிடும். அவன் பாய மாட்டான், நின்னு பார்ப்பான்.”

போனைத் திருப்பினார். எதிரிக் குதிரைகள் பாய்ந்து வந்திருந்தன. அவற்றை அடிக்காமல் தன் வீரர்களைப் பின்னுக்கு நகர்த்தினார்.

“அடிச்சிருக்கலாமே அக்கா?”

“ஜெயிச்சா ஆட்டம் முடிஞ்சிடுமே சார்.”

பல்லாவரத்தில் இறங்கிப் போனார். இப்போதும் என் படை சிதறி நான் பதறும்போதெல்லாம், அவர் போனிலாவது குதிரைகள் ஒருமுறை நின்றிருக்கட்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.