ஒரு கால் குட்டையான வாங்கு

மன்னாரில், அடம்பனைத் தாண்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடம் மரவேலை படிப்பித்தேன். ஒரு பிள்ளையையும் உளியைத் தொட விடவில்லை. அதுதான் நான் செய்த பிழை. இங்கே ரொறன்ரோவில் என் தெரு நூலகத்தில் புத்தகத்தோடு துளைபொறியையும் இரவல் கொடுக்கிறார்கள். அதை வாங்க நிற்கும் வரிசையைக் காணும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கருவிகளுக்கு எண்ணெய் பூசி அலுமாரியில் பூட்டி வைத்திருந்தேன். வருடக் கடைசியில் கல்விக் கந்தோரிலிருந்து சரிபார்க்க வருபவர், "மாஸ்டர், புதுசு மாதிரியே வச்சிருக்கிறியள்!" என்பார். நான் பூரித்துப்போவேன். பிள்ளைகள் சீவுளியைக் கொப்பியில் கீறிப் பாகங்களைக் குறிப்பார்கள். வயல் கூலிக்கு வந்த மலையகக் குடும்பத்துச் செல்வராணி கீறினால் தச்சனே எடுத்துச் சீவலாம் போலிருக்கும். "சேர், ஒருக்காப் பிடிச்சுப் பாக்கட்டா?" என்று கேட்டாள். "கீறினது காணும், இரு" என்றேன். சோதினையில் அவள்தான் முதலாவது.

கனடாவில் எனக்கு வேலை கிடைத்ததோ, யாரும் வந்து கையால் செய்து பழகும் பொதுப் பட்டறையில். முதல் நாளே ஆறு வயதுப் பிள்ளையின் கையில் மரம் அறுக்கும் வாள்! பாய்ந்து பறித்தேன். செய்து காட்டப் போகிறேன் என்று நினைத்த தாய், "தாங்க் யூ" சொல்லிப் பலகையை நீட்டினார். அறுத்தேன். கோடு ஒரு பக்கம் போக வாள் மறுபக்கம் போனது. ஆசிரியர் கலாசாலையில் எனக்கும் கீறத்தானே படிப்பித்தார்கள்! அந்தப் பிள்ளைதான் என் பிடியைத் திருத்தியது. பிறகு ஓய்வு பெறும்வரை, பட்டறைப் பக்கமே வராதவர்களைத் தேடிக் கூட்டிவருவதே என் வேலையானது. ஆனால் அந்த அலுமாரி மட்டும் பூட்டியபடியே மனதில் கிடந்தது.

போன வருடம் ஒரு பெட்டி நிறையக் கருவிகளோடு மன்னாரில் செல்வராணி இப்போது இருக்கும் நறுவிலிக்குளத்துக்குப் போய் அவளைக் கண்டேன். அவளுக்கும் தலை நரைத்திருந்தது.

"பிழை விட்டிட்டன், பிள்ளை. இதுகளை இஞ்சத்தைப் பிள்ளையளுக்குக் குடு."

"குடுக்கிறன் சேர். முதல்ல எனக்கு இருக்கிறதுக்கு ஒரு வாங்கு செய்து தாங்கோ. கீறித் தந்திட்டு ஓடக்கூடாது."

மூன்று நாள் வேலை. நாலு காலும் நாலு உயரம். மாறி மாறி அறுத்துக் கடைசியில் ஒரு கால் இரண்டு விரல் குட்டையானது. பார்த்து நின்ற பிள்ளைகள் விழுந்து சிரித்தார்கள். செல்வராணி அதில் இருந்து ஆடிப் பார்த்தாள்.

"மாஸ்டரே இப்பிடியெண்டால் நாங்கள் பயப்பிடத் தேவையில்லை. எடுங்கோடா உளியை!"

இப்போது சனிக்கிழமைகளில் அவள் முற்றம்தான் பட்டறை. ஓர் உளி உடைந்துவிட்டதாம். கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தக் காலில் அறுத்த துண்டு என் சட்டைப்பையோடு ரொறன்ரோ வந்துவிட்டது. வேறு துண்டு வைக்க மாட்டேன் என்று செல்வராணி பிடிவாதம். தொலைபேசியில் கேட்பாள்: "சேர், வாங்கு இன்னும் ஆடுது. துண்டோட எப்ப வாறியள்?"

"கொண்டு வாறன்" என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். துண்டு இங்கே என் சாப்பாட்டு மேசைக் காலின் கீழே இருக்கிறது. எடுத்தால் இது ஆடும்.