சூமி அன்ரிக்கு நான் சொல்லிக்கொடுத்த சொல்

வறுத்த எள்ளின் மணம் படிக்கட்டு வழியே இறங்கி வந்தால், மேல்மாடியில் சூமி அன்ரி சமைக்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் லூயிஷாம் என்ற ஆங்கிலேய ஊரில், ஒரு பழைய மாடிக்குடியிருப்பில் நாங்கள் இருந்தோம். கணவரின் வேலைக்காகக் கொரியாவிலிருந்து வந்திருந்த அவரும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் அம்மாவும் செவ்வாய்தோறும் ஆங்கில வகுப்புக்கு ஒன்றாகப் போவார்கள். இருவருக்கும் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான் என்றாலும், வெண்டைக்காய் விலையிலிருந்து சூமி அன்ரிக்குப் பிள்ளையில்லாத கவலை வரை எப்படியோ பேசிக்கொள்வார்கள்.

ஆங்கிலச் சொற்றொடர்களின் பொருளையும் அவை பிறந்த கதையையும் கொரிய மொழியில் எழுதிவைக்க அவரிடம் ஒரு "கொப்பி" இருந்தது. பதினொரு வயதுச் சிறுமியான நான்தான் அதற்கு "ரீச்சர்". ஒருநாள் 'அண்டர் த வெதர்' என்றால் என்னவென்று கேட்டார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'வானிலைக்குக் கீழே', ஆனால் சுகமில்லை என்று அர்த்தம் என்றேன். அந்தக் காலப் பாய்க்கப்பல்களில் நோயுற்ற மாலுமியைக் காற்றும் மழையும் படாமல் கீழ்த்தளத்தில் படுக்கவைப்பார்களாம், அதிலிருந்து வந்தது என்று பள்ளியில் கேட்ட கதையையும் கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் கொப்பியின் ஓரத்தில் ஒரு கப்பலே வரைந்துகொண்டார். தடிமன், தலையிடி போன்ற சின்னச் சுகவீனத்துக்குத்தான் அப்படிச் சொல்வார்கள் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

அவருடைய கணவர் கொரியாவுக்குப் போயிருந்த ஒரு வாரம், செவ்வாய் மாலை தொலைபேசி அடித்தது; நான்தான் எடுத்தேன். வகுப்புக்கு வரவில்லை, 'அண்டர் த வெதர்' என்று சூமி அன்ரி மெல்லிய குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"அவவுக்கு என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"சும்மா தடிமன் போல."

"ஒருக்காப் போய்ப் பாக்கட்டோ?"

"தேவையில்லை அம்மா, படுத்திருப்பா."

அம்மா தனியே வகுப்புக்குப் போனார்.

வியாழக்கிழமை நான் பள்ளியால் வந்தபோது வாசலில் அம்புலன்ஸ் நின்றது. குடல்வால் வெடித்து உடம்பெங்கும் நஞ்சு பரவிவிட்டதாம். இரண்டு நாளில் சூமி அன்ரி இறந்துபோனார்.

அந்தச் சொல்லை நான் அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்ததை அழுதழுது அம்மாவிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. "நீ சின்னப்பிள்ளை. பதினாலு படி ஏறி நானல்லோ போய்ப் பாத்திருக்க வேணும்" என்றார்.

அந்தக் குடியிருப்பை இடித்து உயரமான கட்டடம் கட்டிவிட்டார்கள். சூமி அன்ரியின் கணவர் கொரியாவுக்கே திரும்பிப் போன பின் தொடர்பில்லை. அம்மா அதன்பிறகு ஆங்கில வகுப்பின் பக்கமே போகவில்லை. இன்றும் அவர் டொக்டரிடம் போகும்போது நான்தான் கூடப் போய்ச் சொல்கிறேன், எங்கே நோகிறது, எவ்வளவு நோகிறது என்று அம்மாவிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டு.