விறகுச் சாம்பல் போட்ட தளமும் மேட்டூர்ப் பயணமும்

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் மேட்டூருக்குப் போனோம். அணை பார்க்க அல்ல. சாமளாபுரத்தில் நாங்கள் கட்டும் வீட்டின் கூரைத் தளம் தேறுமா என்று கேட்கத்தான். எட்டாம் வகுப்போடு நான் பனியன் கம்பெனிக்கு வந்ததே இந்த வீட்டுக்காக.

அப்பா சாயப்பட்டறையில் பாய்லருக்கு விறகு போடுகிறவர். பக்கத்தில் ஒரு பெரிய கட்டடத்தில் சிமெண்டைக் குறைத்து மேட்டூர்ச் சாம்பல் சேர்ப்பதைப் பார்த்தார். நம்மிடம் இல்லாத சாம்பலா என்று பாய்லர் சாம்பலை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கலந்துவிட்டார். சலித்துக் கொடுத்தது நான். இருபத்தைந்து நாளாகியும் ஆணியால் கீறினால் தளம் உதிர்கிறது. முட்டுப் பலகையைப் பிரிக்கவே பயம்.

திருப்பூரில் காலை 6.15க்கு ஈரோடு பஸ். ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், ஆளுக்குப் பதினாறு ரூபாய். அங்கிருந்து பவானி வழியாக மேட்டூருக்கு இன்னும் இரண்டேகால் மணி நேரம், இருபது ரூபாய். தளத்தில் பெயர்த்த துண்டு என் மடியில் இருந்தது.

“என்ன கண்ணு, கல்லோட வர்றே? டிக்கெட் கேட்டா மண்டைய ஒடைப்பியா?” என்றார் கண்டக்டர். எல்லோரும் சிரித்தார்கள். நான் துண்டைக் காலடியில் இறக்கி வைத்தேன்.

அனல் மின் நிலையத்துச் சாம்பலில் கட்டடக் கல் செய்யும் பட்டறை ஒன்றில் விசாரித்தோம். மேஸ்திரி துண்டின் ஓரத்தை விரலாலேயே நசுக்கினார்.

“எந்தச் சாம்பலுங்க?”

“பாய்லர்துங்க. விறகு,” என்றார் அப்பா.

மேஸ்திரி ஒரு பிடி சாம்பலை அள்ளி என் உள்ளங்கையில் கொட்டினார். முகப்பவுடர் போல இருந்தது.

“இது நெலக்கரிங்க. பொகையோட போறதப் புடிச்சு எடுக்கறது. சிமெண்டோட சேந்து இறுகும். விறகுச் சாம்பல் அப்படி இல்லீங்க.”

“மேல சிமெண்ட் பூசிட்டா நிக்காதுங்களா?” என்று கேட்டார் அப்பா.

“பூச்சு நிக்குமுங்க. தளம் நிக்காது. தெரிஞ்ச ஆள வெச்சு இடிச்சுருங்க. அதுவரைக்கும் ஊட்டுக்குள்ள யாரையும் விடாதீங்க.”

அப்பா துண்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். 

நீங்கள் போவதானால் காலையிலேயே போங்கள், ஞாயிறு மதியத்துக்கு மேல் பட்டறையில் ஆள் இல்லை. ஆனால் கலப்பதற்கு முன்னால் போங்கள். நிலக்கரிச் சாம்பலானாலும் எவ்வளவு போடலாம் என்று எஞ்சினியரிடம் கேளுங்கள். சாம்பல் எல்லாம் ஒன்றில்லை என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வீடு செலவாகியிருக்கிறது.

ஐந்து மணிக்கு ஊர் வந்தோம். அம்மா ஏணியில் நின்று, இறுகட்டும் என்று வழக்கம் போலத் தளத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“என்னங்க சொன்னாங்க?”

அப்பா கால் கழுவப் போய்விட்டார்.

“நீயாச்சும் சொல்லு கண்ணு.”

“தண்ணி ஊத்த வேண்டாம்மா, எறங்கி வா,” என்றேன்.